நேசனல் பார்க் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் அவர் கையால் பொன்னாடை வாங்காத ஆள் யாராவது உண்டு என்றால், அந்த ஆள் அவரை வரக் கண்டதும் சந்துக்குள் திரும்பி ஓடியவராக இருப்பார். தாசில்தார் முதல் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வரை எல்லோர் தோளிலும் அவருடைய ஜரிகைக் கரை ஒருமுறையாவது விழுந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. அவர் இல்லாத இடத்தில் நேசனல் பார்க் அண்ணாச்சி. அந்தப் பெயர் அவர் காதுக்கும் போனது. கேலி என்று புரியவில்லையா, புரிந்தும் காட்டிக்கொள்ளவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நம்மளை அப்படியா சொல்லுதாங்க?" என்று கேட்டு, மோவாயைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

மார்க்கெட் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். குளிர்சாதனம் போட்ட பெரிய கடைகள் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த, ஒரு தேர்தலை நம்பிப் பொன்னாடையாக வாங்கிக் குவித்தார். அவர் நம்பிய பக்கம் தோற்றது. தோற்றவர்களுக்குப் பொன்னாடை தேவைப்படவில்லை. ஜெயித்தவர்கள் வேறு கடையில் வாங்கினார்கள். கடையை மூடும்போது சேலை, வேட்டி, பாவாடைத்துணி எல்லாம் தள்ளுபடியில் போய்விட, பொன்னாடை மூட்டைகள் மட்டும் வீட்டு மச்சில் ஏறின. எங்கள் சீமையில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு இயக்கம் தோன்ற அந்த மூட்டைகள்தான் மூலகாரணம் என்று சொன்னால் அந்த இயக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

கடையை மூடிய கையோடு சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். காலையில் மைதானத்தில் நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்தார். அந்தக் கூட்டம் நடந்ததைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். அதில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வேனில் ஏற்றி, முக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளத்துக்குக் கூட்டிப் போனார். தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்கள். மரம் தெரியாத அளவுக்கு நத்தைகுத்தி நாரைகளின் கூடுகள். அண்ணாச்சி கரையோரத்து மரத்தடியில் வாயைப் பிளந்து நின்றாராம். "வாயை மூடிக்கோங்க அண்ணாச்சி" என்று பேராசிரியர் எச்சரித்தது மரியாதைக் குறைவால் அல்ல. மேலே கூடுகள் இருந்தன.

"கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரில்லா இருக்கு! இத்தனை பேரு நம்ம ஜில்லாவுக்கு வந்து போறாங்க. ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலியே!" என்று ஆதங்கப்பட்டார்.

வேன் பாளையங்கோட்டைக்குத் திரும்புவதற்குள் பறவை நேசர் பேரவை பிறந்துவிட்டது. அண்ணாச்சி தலைவர். பேராசிரியர் செயலாளர். மற்றவர்கள் துணைத்தலைவர், இணைச்செயலாளர், பொருளாளர், ஆலோசகர், காப்பாளர். வெறும் உறுப்பினராக இருக்க யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வேன் டிரைவரைக் கெஞ்சி உறுப்பினராக்கினார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பிளக்ஸ் அடிக்கிற கடை. பேரவையின் முதல் பேனர் என்னிடம்தான் வந்தது. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம், பறவைகளைக் காப்போம்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணாச்சி, இந்த பிளக்ஸும் பிளாஸ்டிக்தானே?" என்றேன்.

"தெரியும் வே. பிளாஸ்டிக்கே சொல்லுச்சின்னா ஜனங்க நம்புவாங்கல்லா. நீரு அடியும்."

நான் சொன்ன நேரத்துக்கு அடித்துக் கொடுக்கவில்லை. முகூர்த்த மாதம், பூப்புனித நீராட்டு விழாக்களே மலையாகக் கிடந்தன. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்து டீக்கடையில் நின்றவர்களையெல்லாம் கூட்டி வந்தார். என்னைக் கடை வாசலுக்கு அழைத்து, "நேரம் தவறாத நம்ம தம்பிக்குப் பேரவை சார்பா" என்று சொல்லி ஒரு பச்சைப் பொன்னாடையைப் போர்த்தினார். டீக்கடைக் கூட்டம் கை தட்டியது. அன்றைக்கு மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பேனரை அடித்தேன். அதற்குப் பிறகு அவர் வேலையை நான் ஒருநாளும் தாமதப்படுத்தியதில்லை.

பிறகொரு நாள் அவரே அதன் சூட்சுமத்தைச் சொன்னார். "ஒருத்தனை நாலு பேரு முன்னால ஏசுனீர்னா அவன் நமக்குச் சத்துரு. மரியாதை செஞ்சுட்டீர்னா, பாவம், அந்த மரியாதையைக் காப்பாத்த அவன் படாத பாடு படுவான். நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்."

பேரவைக்கு என்று ஒரு லட்சியம் வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, பேராசிரியர் குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கக் கேட்கலாம் என்றார். "அதுக்கு மேல ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டார் அண்ணாச்சி. தேசியப் பூங்கா என்று ஒன்று உண்டு, ஆனால் அதெல்லாம் பெரிய காடுகளுக்கு என்று பேராசிரியர் விளக்கினார். அண்ணாச்சி விளக்கத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் வியாபாரி. பட்டு இருக்கும்போது பாலியெஸ்டரை எடுத்துப் போட்டுக் காட்டுவானேன்? "கேட்டா நேசனல் பார்க்குதான் கேக்கணும்" என்று முடித்துவிட்டார். ஒரு முனையிலிருந்து கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்கிற அந்தக் குளத்துக்கு இப்படியாகத் தேசியப் பூங்காக் கோரிக்கை எழுந்தது.

வனத்துறை அதிகாரி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். முதல்முறை போனபோது பொன்னாடையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இரண்டாம் முறை கூச்சப்பட்டார். அதற்கடுத்த முறை, அண்ணாச்சியின் கார் வாசலில் நின்றதும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கைகூப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நானும் பேனரோடு கூட இருந்தேன்.

"அண்ணாச்சி, நேசனல் பார்க்னா என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கீங்களா? உள்ள ஆடு மாடு மேயக்கூடாது. மீன் பிடிக்கக்கூடாது. கரையில நிக்கிற கருவேலத்துல ஒரு குச்சி ஒடிக்கக்கூடாது. நம்ம இஷ்டத்துக்கு உள்ள நடக்கக்கூடாது."

"நான் கூடவா?"

"நீங்கதான் முதல்ல."

அண்ணாச்சி அந்தப் பதிலால் அடிபட்டது போல நின்றார். ஆனாலும் கையிலிருந்த பொன்னாடையைப் போர்த்தாமல் திரும்பவில்லை.

குளத்துக்காரர்களிடம் இதை யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் பேரவையின் விழிப்புணர்வுக் கூட்டம் குளத்தங்கரையில் நடந்தபோது ஊரே திரண்டிருந்தது. பேரவைக்காரர்கள் அதைத் தங்கள் புகழுக்கு வந்த கூட்டம் என்று நினைத்தார்கள். பேராசிரியர் நாரையின் அலகைப் பற்றி விரிவாகப் பேசினார். ஆலோசகர் ஆலோசனை சொன்னார். அண்ணாச்சி ஊர்ப் பெரியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போர்த்திக்கொண்டே வந்து, ஆடு வளர்க்கிற இசக்கியம்மாவிடம் நின்றார். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற துரட்டிக் கம்பு அவள் கையிலேயே இருந்தது.

பொன்னாடையை விரித்தார். அவள் துரட்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"இத வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? ஆட்டுக்குப் போத்தவா?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் வாழ்நாளில் விரித்த பொன்னாடையை மடித்து வைத்தது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன்.

"பார்க்கு வருதுன்னு சொல்லுதாங்க. வரட்டும். இந்தப் பறவை வருசா வருசம் வருது. நாங்களும் இங்கனதான் கிடக்கோம். அது எச்சம் எங்க தலையில விழுது, எங்க ஆடு அதுக்கு அடியில மேயுது. ரெண்டுக்கும் சண்டை கிடையாது. நீங்க வந்து வேலி போட்டா நான் ஆட்டை எங்கன கொண்டு போவேன்? உங்க வீட்டு மச்சிலயா?"

காரில் திரும்பினோம். வண்ணார்பேட்டை தாண்டியதும் அண்ணாச்சி வாயைத் திறந்தார். "அந்தப் பிள்ளை சொல்லுததுல நியாயம் இருக்கு வே."

"அப்ப நேசனல் பார்க்கை விட்டுருவோமா அண்ணாச்சி?"

"விட்டுருததா? ஆடு மேயுத நேசனல் பார்க்குன்னு கேப்போம்."

அப்படியே கேட்டார்கள். 'ஆடு மேயும் தேசியப் பூங்கா வேண்டும்' என்று நானே பேனர் அடித்தேன். அப்படி ஒரு வகை சட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது. சட்டத்தில் இல்லாததால்தான் கேட்கிறோம் என்று அண்ணாச்சி மறுபடி எழுதச் சொன்னார். பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரில் அண்ணாச்சிக்கு 'நேசனல் பார்க்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

இதெல்லாம் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜேசிபி வந்தது.

குளத்துக் கரையை அகலப்படுத்தும் வேலை. எடுத்தவர் ஒரு காண்டிராக்டர். அரசியல்வாதி இல்லை, ஆனால் ஆவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர். கரையோரக் கருவேல மரங்களை முதலில் வெட்டித் தள்ளிவிட்டு மண் போடுவது என்று ஏற்பாடு. மரங்களில் குஞ்சுகள் இருந்தன. சிறகு முளைக்காத, கழுத்து மட்டும் நீண்ட குஞ்சுகள். இசக்கியம்மாதான் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். "உங்க பார்க்கு ஆளுங்களைக் கூட்டிட்டு இப்பமே வாங்க. விடிஞ்சா வெட்டிருவாங்க."

அண்ணாச்சி ஆட்களைக் கூப்பிட்டார். துணைத்தலைவருக்கு மருமகள் வளைகாப்பு. ஆலோசகருக்கு முழங்கால். காப்பாளர் ஆழ்வார்திருநகரியில் நவதிருப்பதி சேவிக்கப் போயிருந்தார். பறவைகளுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். பேராசிரியர் மட்டும் வருகிறேன் என்றார். ஆனால் மனைவி போனை வாங்கி, வரமாட்டார் என்றார்.

அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அந்தக் காண்டிராக்டர் போட்டோ உம்மகிட்ட இருக்கா?"

இருந்தது. அவர் பேரன் காதுகுத்துக்கு நான்தான் பேனர் அடித்திருந்தேன். வெள்ளைச் சட்டையில், காதில் செல்போனை வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிற படம். அதைப் பெரிதாக்கி, எதிரே ஒரு நாரையை நிறுத்தினேன். பார்த்தால் இருவரும் போனில் பேசிக்கொள்வது போலிருந்தது. மேலே எழுத வேண்டியதை அண்ணாச்சி சொல்லச் சொல்ல அடித்தேன்: 'பறவைக் குஞ்சுகளைக் காத்த மாமனிதருக்குப் பாராட்டு விழா.'

"காத்தன்னு போடச் சொல்லுதீங்க. அவர் இன்னும் காக்கலியே அண்ணாச்சி" என்றேன்.

"நாளைக்குக் காப்பான். நீரு அடியும்."

விடியற்காலையில் குளத்தங்கரையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டோம். மைக் செட் கட்டினோம். இசக்கியம்மா தெருத்தெருவாகப் போய் ஆட்களைத் திரட்டினாள். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவரும் வந்தார். அண்ணாச்சி அவருக்கு முன்பே இரண்டு முறை போர்த்தியிருந்தார். ஜேசிபி உறுமிக்கொண்டு வந்து, மேடையைப் பார்த்ததும் நின்றது. டிரைவரை இறக்கி முதல் பொன்னாடை அவருக்கு. அவர் அதோடு செல்பி எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, காண்டிராக்டரின் வெள்ளை வண்டி வந்தது.

அவர் இறங்கும்போதே கத்திக்கொண்டுதான் இறங்கினார். "ஏலே, எவம்லே மைக் கட்டினது?" அதற்குள் பேனரைப் பார்த்துவிட்டார். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவர் காதுகுத்திலும் பார்த்ததில்லை. கத்திய வாய் அப்படியே நின்றது.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் ஊரே காத்துக் கிடக்கு" என்று மைக்கில் அழைத்தார் அண்ணாச்சி. "கூட்டுல குஞ்சு இருக்குன்னு தெரிஞ்சதும், வேலையே நின்னாலும் பரவாயில்ல, ஒரு உசுரும் போகக்கூடாதுன்னு சொன்ன நம்ம காண்டிராக்டர் அவர்களை..."

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கை தட்டினார்கள். இசக்கியம்மா குலவை போட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சிவப்புப் பொன்னாடை தோளில் விழுந்தபோது காண்டிராக்டரின் முகத்தில் கோபமும் வெட்கமும் சேர்ந்தாற்போல் ஏறின. மைக் அவர் கைக்குப் போனது. கேமராவைப் பார்த்தார்.

"குஞ்செல்லாம் பறந்து போகட்டும். அதுவரைக்கும் ஒரு மரத்துலயும் கை வைக்க மாட்டேன்" என்றார்.

ஜேசிபி பின்பக்கமாகவே திரும்பிப் போனது.

காரில் ஏறி உட்கார்ந்தும் அண்ணாச்சி வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவன் போத்திக்கிட மாட்டேன்னு சொல்லியிருந்தா?" என்றார்.

"என்ன செஞ்சிருப்பீங்க அண்ணாச்சி?"

"தெரியல வே. எங்கிட்ட வேற ஒண்ணும் கிடையாதுல்லா."

குஞ்சுகள் பறந்தன. மரங்கள் தப்பின. கரை வேலை வேறு பக்கமாக மண் எடுத்து முடிந்தது. இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் காண்டிராக்டர் கெட்டிக்காரர். தான் விழுந்த குழியின் ஆழத்தை நின்று அளந்து பார்த்துவிட்டு ஏறி வந்தவர். அந்தக் காணொளியை ஊரெல்லாம் பார்த்தது. கோவில் கொடைகளில் அவருக்கு முன்வரிசை கிடைத்தது. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் 'பறவைக் காவலர்' என்று கூப்பிட்டார்கள். அவர் பேரவைக்குப் புரவலர் ஆனார். பிறகு எங்கோ பேசி, எதையோ காட்டி, குளத்தங்கரையில் 'பறவைப் பூங்கா' கட்ட அனுமதி வாங்கிவிட்டார்.

கரை முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்தார்கள். வாயைப் பிளந்த சிமெண்டுக் கூழைக்கடாக்கள் வைத்தார்கள். அவற்றின் வாய்தான் குப்பைத்தொட்டி. படம் எடுத்துக்கொள்ள இரண்டு இறக்கைகள் வரைந்த சுவர். மரங்களைச் சுற்றிக் கலர் விளக்குகள். எல்லாவற்றையும் சுற்றி வேலி. ஆடு உள்ளே வரமுடியாது.

பேரவைக்காரர்களுக்கு மெத்த மகிழ்ச்சி. நேசனல் இல்லாவிட்டால் என்ன, பார்க் வந்துவிட்டதே! ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். தலைவருடையது நடுவில்.

திறப்புவிழா மாலையில். பறவைகள் அடைகிற நேரம். அண்ணாச்சியைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காண்டிராக்டர் மைக்கைப் பிடித்து, "எனக்கு வழிகாட்டின ஆசான்" என்று சொல்லி, நல்ல பட்டிலேயே ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். ஒருத்தரை எதிலே கட்டிப்போட முடியும் என்று அவரிடமிருந்தே கற்றுக்கொண்டவர். அண்ணாச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேலிக்கு வெளியே ஆடுகளோடு இசக்கியம்மா நின்றாள். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகளைப் போட்டார்கள். மரங்கள் சிவப்பாகவும் நீலமாகவும் எரிந்தன. நாரைகள் மொத்தமாக எழும்பின. குளத்துக்கு மேலே சுற்றின. இறங்க வந்து, இறங்காமல் மறுபடி எழும்பின. கூட்டம் அதைப் பறவைகளின் வாழ்த்து என்று நினைத்துக் கை தட்டியது.

அண்ணாச்சி எழுந்தார். பேசப் போகிறார் என்று மைக்கை நீட்டினார்கள். அவர் அதை வாங்கவில்லை. தோளிலிருந்த பட்டை எடுத்து உதறினார். மூலையோடு மூலை சேர்த்து, கடைக்காரர் மடிப்பாக மடித்து, நீவிவிட்டு, காண்டிராக்டரின் கையில் வைத்தார்.

"இது எனக்குச் சேராது வே. முதல்ல விளக்கை அணையும்."

விளக்கை யாரும் அணைக்கவில்லை. அவர் மேடையை விட்டு இறங்கி, வேலியோரமாகவே நடந்து வெளியே போனார்.

பேரவை கூடி அவரைத் தலைவர் பதவியிலிருந்து விடுவித்தது. 'உடல்நலம் கருதி' என்று தீர்மானம். விடுவித்த கையோடு, அவரது நீண்ட சேவையைப் பாராட்டிப் பொன்னாடையும் எடுத்து வைத்திருந்தார்கள். அவர் கூட்டத்துக்குப் போகாததால் அதைப் புதுத் தலைவரான காண்டிராக்டருக்கே போர்த்திவிட்டார்கள்.

அடுத்த பருவத்தில் அந்தக் குளத்துக்குப் பறவைகள் வரவில்லை. பார்க்கும் விளக்கும் இருந்தன. சிமெண்டுக் கூழைக்கடாக்கள் குப்பையைத் தின்றுகொண்டிருந்தன. அண்ணாச்சி என் கடைக்கு வந்து உட்காருவார். மச்சிலிருந்த மிச்ச மூட்டைகளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், குளிருக்கு அது ஆகவே ஆகாது என்று அவர்கள் குறைப்பட்டதாகவும் சொன்னார். முன்போலப் பேச்சு வருவதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள், மழை விட்டிருந்த காலை நேரத்தில், பைக்கை எடுக்கச் சொன்னார். ஆற்றைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே, ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்தோம். இசக்கியம்மாதான் சொன்னாளாம். அவளும் ஆடுகளை அங்கேதான் கொண்டு வருகிறாள். "பைய வாரும்" என்றார். நான் அவர் குரலை அவ்வளவு தாழ்ந்து கேட்டதே இல்லை.

மருத மரங்கள் நிறையக் கூடுகள். அலகால் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஒன்று வந்து இறங்கியது. கீழே ஆடுகள். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியெல்லாம் எச்சம். துடைக்கவில்லை. நான் பழக்கத்தில் செல்போனை எடுத்தேன். அவர் பார்க்காமலே என் கையைக் கீழே அழுத்தினார்.

"ஒருத்தனுக்கும் தெரியாண்டாம் வே."

பிறகு அவர் மகனோடு இருக்கப் போனார். அங்கேயே காலமானார். பேரவை பாளையங்கோட்டையில் இரங்கல் கூட்டம் நடத்தியது. பேனர் என் கடைதான். காண்டிராக்டர் தலைமை தாங்கிக் கண் கலங்கினார். குளத்துக்கு அண்ணாச்சியின் பெயரால் தேசியப் பூங்கா அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது பேராசிரியர் என்னிடம் வந்தார். வயதாகிவிட்டது அவருக்கும்.

"ஒரு விஷயம். இந்தக் குளத்துக்கு வந்த நாரையெல்லாம் இப்ப எங்க அடையுதுன்னே தெரியல. கண்டுபிடிச்சா அங்கயும் ஒரு பார்க் கேக்கலாம்னு நம்ம காண்டிராக்டர் சொல்லுதாரு. அண்ணாச்சி உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?"

"இல்ல சார். ஒண்ணும் சொல்லல" என்றேன்.